ஆட்டுப் பட்டி பற்றித் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். தென்மேற்கு லிபியாவின் அகாகஸ் மலையில் உள்ள தக்கர்கோரி பாறைக் குடைவைப் பற்றிச் சிறுவர்களுக்காகப் படக்கட்டுரை ஒன்று தயார் செய்கிறேன். இன்று முழுப் பாலைவனம், ஆனால் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நீர்நிலைகள் இருந்தன. அந்தக் கால அடுக்குகளில் கிடைத்த விலங்கு எச்சங்களில் சுமார் 90 சதவீதம் மீன், கெளுத்தியும் திலேப்பியாவும், என்றால் பாருங்கள். அப்புறம் மாடு மேய்ப்பவர்கள் வருகிறார்கள், பானை ஓட்டில் ஊறிய பால் கொழுப்பு வரை கிடைத்திருக்கிறது.

சரி, என் சந்தேகம் அதற்கு முந்தைய காலம் பற்றியது. ஆடு மாடு வளர்ப்பு வருவதற்கு முன்பே அங்கிருந்த வேட்டையாடிகள் பார்பரி காட்டு ஆடுகளை உயிரோடு பிடித்துக் குடைவுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆதாரம், மிதிபட்டு இறுகிப்போன புழுக்கை அடுக்கு! இதைத் தப்பில்லாமல் வரைய வேண்டும்.

ஆடு வளர்ப்பவர்களே, ஒரே இடத்தில் அடைத்தால் புழுக்கை அப்படிக் கெட்டிப்பட எத்தனை நாள் ஆகும்? தழையை எங்கே போடுவீர்கள், ஆடுகள் எந்தப் பக்கம் ஒதுங்கிப் படுக்கும்? அகழாய்வில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், அந்த அடுக்கை மண்ணிலிருந்து எப்படிப் பிரித்து அறிகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். கல்லும் முள்ளும் வைத்து அடைத்த பட்டியின் படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.