மறுமொழி: த்ராட்டிலிங் – ‘மடையடைப்பு’ வேண்டாம், ‘வேகக்குறுக்கம்’ பொருந்துமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். இணைய நிறுவனம் நம் இணைப்பின் வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதை ஆங்கிலத்தில் த்ராட்டிலிங் (throttling) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் ‘மடையடைப்பு’ என்று போன வாரம் எழுதியது நான்தான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாகூர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு அதற்காக வாதாட மனம் வரவில்லை:

> மடையை அடைத்தால் தண்ணீர் நின்றுபோகும். உங்கள் வீட்டில் நெட் நிற்கவில்லையே தம்பி, மெலிந்துதானே வருகிறது? ஏரிப் பாசனக்காரர்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் லைன் கட் என்றுதான் நினைப்பார்கள்.

நெய்வேலி ஐயா சொன்ன ‘வேகத்தடை’யை ஏற்க முடியாததற்கு மன்னிக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சாலை எடுத்துக்கொண்டுவிட்டது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒருமுறை பேருந்தில் போனவருக்கும் அது முதுகு அறிந்த சொல். ‘வேகக்குறைவு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதில் எனக்குள்ள குறை வேறு. யாரோ குறைத்தார்கள் என்பது அதில் இல்லை. தானாகக் குறைந்ததற்கும் அதே சொல்தான்.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் 100 எம்பி (நொடிக்கு 100 மெகாபிட்) திட்டம் இருந்தது. சில மாதங்களாக வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் “ஸ்லோவா இருக்கு” என்று போன் செய்வேன். “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பார்கள். அப்புறம் வைஃபையை விட்டுவிட்டு, மடிக்கணினியில் நேராக லேன் வயரைச் செருகி, காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். மாதத்தின் முதல் பாதியில் காலையில் 94, இரவில் 10 அல்லது 12. இருபதாம் தேதி தாண்டியதும் காலை, இரவு எப்போது பார்த்தாலும் 2. ஒன்றாம் தேதி விடிந்ததும் மறுபடி 94.

லைன் பார்க்க வந்த தம்பியிடம் நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: “அண்ணே, ராத்திரி குறையுறது லோடு. மாசக் கடைசியில குறையுறது எஃப்யூபி. ரெண்டும் வேற வேற.” எஃப்யூபி (FUP) என்றால், மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற வரம்பைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் நிறுவன விதி. களத்தில் வேலை செய்பவருக்கு இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. பணம் கட்டும் எனக்கு ‘ஸ்லோ’ ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் என் புகார் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

லோடு என்பது நெரிசல். அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. வீட்டு ஃபைபரில் பெரும்பாலும் இருக்கும் ஜிபான் (GPON) முறையில் ஒரே இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் வருகிறது. அதை ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 32 வீடும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக இழுத்தால் தலைக்கு 78 எம்பி, 64 என்றால் 39. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்ற கணக்கில்தான் 100 எம்பி விற்கிறார்கள். என் வீட்டில் இரவில் 10 வரை இறங்கியது என்றால் ஸ்ப்ளிட்டருக்கு மேலேயும், நிறுவனம் வெளியுலகத்தோடு இணையும் வழியில், நெரிசல் இருந்திருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் நடப்பதுதான் நாம் சொல் தேடும் விஷயம். வரம்பு தாண்டியதும் வேண்டுமென்றே, விதிப்படி, உரிய வேகத்தைக் குறைக்கிறார்கள். இணைப்பு அப்படியே இருக்கிறது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோது பள்ளியில் படித்த ஐகாரக்குறுக்கம் நினைவுக்கு வந்தது. ஐகாரத்துக்கு உரிய அளவு 2 மாத்திரை (மாத்திரை என்பது எழுத்து ஒலிக்கும் கால அளவு). தனியே நின்றால் முழுதாக ஒலிக்கும். ‘தலைவன்’ என்பதில் நடுவிலும் ‘கடலை’ என்பதில் கடைசியிலும் வரும்போது 1 மாத்திரையாகிவிடும். எழுத்து மறையவில்லை, உரிய அளவு குறைந்தது, அதுவும் ஒரு விதியால். மகரக்குறுக்கமும் அப்படித்தான், அரை மாத்திரை கால் ஆகும். பல நூற்றாண்டுகளாக இந்தப் பொருளுக்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. எனவே வேகக்குறுக்கம். வினையாக ‘வேகத்தைக் குறுக்கினார்கள்’ என்றும் இயல்பாக வருகிறது.

சட்டச் செய்திகளை எழுதவும் இது உதவும். ஒரு குறிப்பிட்ட தளத்தையோ செயலியையோ மட்டும் குறிவைத்து வேகத்தைக் குறுக்கக்கூடாது என்பது 2018-இல் இந்தியா ஏற்ற இணையச் சமநிலை விதிகளில் ஒன்று. வரம்பு தாண்டிய பின் குறுக்குவதற்குத் தடை இல்லை. ஆனால் வீட்டு பிராட்பேண்டில் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று 2016-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. இந்த இரண்டையும் ‘வேகக்குறைவு’ என்று எழுதிப் பாருங்கள், பொருள் கலங்கிவிடும்.

ஒரு வழியாக நிறுவனத்தை மாற்றினேன். மொபைல் எண்ணை வைத்துக்கொண்டு மாறும் வசதி 2011-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. வயர் இணைப்புக்கு அப்படி எதுவும் இல்லை. புது வயர் இழுத்து, பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, முன்பணத்துக்கு நடந்து, பத்து நாள் ஆயிற்று.

புது இணைப்பு போட வந்தவரிடம் இந்தச் சொல்லை வைத்தே கேட்டேன்: “எத்தனை ஜிபிக்கு மேல் வேகக்குறுக்கம்? குறுக்கிய பிறகு எவ்வளவு வரும்?” ஒரு நொடி யோசித்தார். “வேகத்தைக் குறைப்பாங்களே, அதுவா சார்?” என்றார். ஆமாம் என்றேன். இரண்டு எண்களையும் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒரு ஸ்ப்ளிட்டரில் எத்தனை வீடு என்று கேட்கத்தான் எனக்குச் சொல் வரவில்லை. ‘பங்குவீதம்’ என்று சொல்லிப் பார்த்தேன், வட்டிக் கணக்கு கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து