இயற்கைத் தனிமங்கள் 92-ஆ, 94-ஆ? ஒரு மார்க்கில் ஃபைனல் போச்சு

ஆதம்பாக்கம் அப்பா:
பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல் வினாடி வினாவில் "இயற்கையில் கிடைக்கும் தனிமங்கள் எத்தனை?"ன்னு கேள்வி. இவன் 94ன்னு எழுதியிருக்கான், விடைக்குறிப்பில் 92. அந்த ஒரு மார்க்கில் டீம் ஃபைனலுக்குப் போகல. நெட்டில் தேடினா 88, 90, 94, 98னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஸ்கூல்ல போய்ப் பேசலாமா, விட்டுடலாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
விட்டுவிடுங்கள் சார். அணு எண் வரிசையில் ஹைட்ரஜன் 1, யுரேனியம் 92. அதுவரை இயற்கை, அதற்கு மேல் மனிதன் செய்தது. நெப்டியூனியத்தை 1940-இல் பெர்க்லியில் மக்மில்லனும் ஏபெல்சனும் உண்டாக்கினார்கள், பின்னாலேயே புளூட்டோனியம் வந்தது. கடைசியில் இருக்கும் 118, ஓகனெசன், ஒரு மில்லி நொடிகூட நிற்பதில்லை. இதையெல்லாம் இயற்கைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

காமா கேமரா:
ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நான் நியூக்ளியர் மெடிசின்ல, அதாவது கதிரியக்க மருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்கிற பிரிவுல, டெக்னாலஜிஸ்ட். 43-ஆம் நம்பர் டெக்னீசியத்தோடதான் எனக்குப் பொழுது விடியுது. டெக்னீசியத்தைப் பிரிச்சுத் தர்ற, ஈயக் கவசம் போட்ட ஜெனரேட்டர், ஒரு பக்கம் சலைன் குப்பி, இன்னொரு பக்கம் காத்தை உறிஞ்சி எடுத்த காலிக் குப்பி. காலிக் குப்பியைக் குத்தினதும் சலைன் உள்ளே இருக்கிற அலுமினா வழியா இழுபட்டு வரும். கதிரியக்க மாலிப்டினம் அங்கேயே ஒட்டிக்கும், அது சிதைஞ்சு உண்டான டெக்னீசியம் மட்டும் கரைஞ்சு இறங்கும். பார்க்க வெறும் தண்ணி. கதிரியக்கத்தை அளக்கிற டோஸ் காலிபிரேட்டர்ல இறக்கினா நம்பர் எகிறும்.

இந்த டெக்னீசியம்தான் மனுஷன் முதல்ல செஞ்ச தனிமம். 1937, இத்தாலி பலெர்மோ. பெர்க்லியில சைக்ளோட்ரான்ங்கிற துகள் முடுக்கியில அடிபட்ட மாலிப்டினத் தகட்டுல பெரியரும் செக்ரேயும் கண்டுபிடிச்சாங்க. 61, புரோமெத்தியம், 1945-ல ஓக் ரிட்ஜ்ல அணு உலைக் கழிவுல கிடைச்சது. ரெண்டுமே 92-க்குக் கீழே. அப்போ "யுரேனியம் வரை இயற்கை"ங்கிற கோடு எங்கே நிக்குது?

ஈசிஆர் வாசி:
அப்படின்னா 90ன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். 94 எங்கிருந்து வந்தது? கல்பாக்கத்துல எஃப்பிடிஆர்ங்கிற சோதனை அணு உலை 1985-ல இருந்து இருக்கு, புளூட்டோனியம் கலந்த எரிபொருள். அதை யாரும் சுரங்கத்துல வெட்டி எடுக்கல. உலையில எரிஞ்ச யுரேனியத்துல இருந்து பிரிச்சது. மண்ணுல புளூட்டோனியம் இருக்குன்னு காட்டுவீங்க, அது 1950, 60-கள்ல வெடிச்ச குண்டுகளோட தூசி. தூசியைக் காட்டி இயற்கைன்னா எப்படி?

காமா கேமரா:
நல்ல கேள்வி. ஆனா முதல் குண்டு வெடிச்சது 1945 ஜூலைல. சீபோர்கும் பெர்ல்மனும் யுரேனியத் தாதுல புளூட்டோனியத்தைப் பார்த்தது 1942-ல. அப்போ தூசி ஏது?

யுரேனியம் எப்போவாவது தானா பிளக்கும், நியூட்ரான் தெறிக்கும். அதைப் பக்கத்துல இருக்கிற யுரேனியம்-238 விழுங்கும். அது நெப்டியூனியமாகி, அப்புறம் புளூட்டோனியமாகும். கல்பாக்கம் உலைக்குள்ள நடக்கிறதும் இதேதான், வேகம்தான் வேற. பிளந்த துண்டுகள்ல டெக்னீசியமும் புரோமெத்தியமும் துளித்துளியா வரும். ஆப்பிரிக்காவுல கபோன் நாட்டு ஓக்லோவுல, சுமார் 200 கோடி வருஷத்துக்கு முன்னாடி, யுரேனியப் படிவம் தானாவே உலையா எரிஞ்சிருக்கு. 1972-ல கண்டுபிடிச்சாங்க.

என் வாதம் இவ்வளவுதான். துளி கணக்குல வராதுன்னா, துளியளவே இருக்கிற டெக்னீசியம், புரோமெத்தியம், அஸ்டடைன், ஃபிரான்சியம் நாலையும் கழிங்க, 88. வரும்னா நெப்டியூனியத்தையும் புளூட்டோனியத்தையும் சேருங்க, 94. டெக்னீசியத்தை உள்ளே விட்டு புளூட்டோனியத்தை வெளியே நிறுத்தினாத்தான் 92 வரும். அதுக்கு என்ன நியாயம்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
"கிடைக்கும்" என்று சொல்ல ஒரு அளவு வேண்டாமா? பூமியின் மேலோடு முழுவதிலும் ஒரு நேரத்தில் ஃபிரான்சியம் 30 கிராம் அளவுதான் என்று கணக்கிடுகிறார்கள். அதுவும் வந்த வேகத்தில் சிதைந்துவிடும். பூமி பிறந்தபோது வந்து இன்றுவரை தாக்குப்பிடித்ததை மட்டும் எண்ணினால் 83-தான். அதுதான் கறாரான கணக்கு. டெக்னீசியம் முதலில் ஆய்வகத்தில்தான் பிறந்தது. பிறகு தாதுவில் தேடிப் பிடித்ததால் அது இயற்கை ஆகிவிடுமா?

காமா கேமரா:
அப்போ ஹீலியத்தை என்ன பண்ணுவீங்க ஐயா? 1868 சூரிய கிரகணத்தப்போ நம்ம நுங்கம்பாக்கம் வானாய்வகத்தோட போக்சன் மசூலிப்பட்டினத்துல நின்னு, சூரிய ஒளியில அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார். பூமியில ராம்சே கையில அது சிக்கினது 1895-ல. எங்கே முதல்ல பார்த்தோம்கிறது நம்ம கதை, தனிமத்தோட கதை இல்ல. டெக்னீசியத்தையும் 1952-ல மெரில் நட்சத்திரங்கள்ல பார்த்துட்டார். 83-ன்னு நீங்க சொன்னதுக்கு நான் தலையாட்டறேன், அதுல ஒழுங்கு இருக்கு. ஆனா அந்த ஒழுங்குலயும் 92 வரல பாருங்க.

மண்வாசனை:
எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? இயற்கைன்னா நல்லது, செயற்கைன்னா விஷம்.

ஈசிஆர் வாசி:
பொலோனியம் 1898-ல கியூரி தம்பதி தாதுல கண்டுபிடிச்சது, சுத்தமான இயற்கை. ஒரு சிட்டிகை சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க, பேசலாம். நாட்டு மருந்துத் திரி பக்கத்துல இருக்கு.

ஆதம்பாக்கம் அப்பா:
அப்போ 94-க்கு மார்க் கேட்கலாம்தானே?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கூடாது. பாடத்தில் படித்தபடி 92 எழுதிய பிள்ளை என்ன பாவம் செய்தது? கேள்வியை ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள், நானும் உங்கள் பக்கம். ஒருவனுக்கு மட்டும் போடச் சொன்னால் நான் எதிர்ப்பேன்.

காமா கேமரா:
ரத்து பண்ணினா சரியா எழுதினவனுக்கு நஷ்டம் ஐயா. ரெண்டுக்கும் மார்க் போடட்டும்.

தரமணி மகள்:
நடுவுல வரேன், மன்னிக்கணும். காமா அண்ணே, நாளைக்கு அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன். அந்த டெக்னீசியம்தானே போடுவாங்க? வீட்டுல ஆறு மாசக் குழந்தை இருக்கு.

காமா கேமரா:
அதேதான்மா. அரை ஆயுள், அதாவது பாதியாகிற நேரம், 6 மணி நேரம், ஒரு நாள்ல பதினாறுல ஒரு பங்குக்கு இறங்கிடும். ஊசி போட்டதும் நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க, அடிக்கடி பாத்ரூம் போகணும். நாளைக்கு ராத்திரி வரை குழந்தையை அம்மா மடியில வெச்சுக்க வேண்டாம். வீட்டுல குழந்தை இருக்குன்னு ஊசி போடறதுக்கு முன்னாடியே அங்க சொல்லிடுங்க.