பொருள்: ரெப்ளிகேஷன் – இரட்டிப்பா, நகலாக்கமா, பெருக்கமா?

> ரெப்ளிகேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை டி.என்.ஏ-வுக்கு 'இரட்டிப்பு' என்கிறோம். 'வைரஸ் இரட்டிப்பு' என்றே வைத்துவிட்டால் மாணவருக்குக் குழப்பம் வராது.

வணக்கம் ஐயா. குழப்பம் அங்கேதான் தொடங்கும்.

செல் பகுப்பில் 'இரட்டிப்பு' கச்சிதமான சொல். இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் சி.டி.சி6, சி.டி.டி1 புரதங்கள், டி.என்.ஏ-வில் இரட்டிப்பு தொடங்கும் புள்ளிகளில், இழைகளைப் பிரிக்கும் எம்.சி.எம் என்ற புரத வளையங்களை ஏற்றி வைக்கின்றன. டி.என்.ஏ இரட்டிக்கும் எஸ் கட்டம் வந்ததும் கெமினின் என்ற புரதம் சி.டி.டி1-ஐ முடக்கிவிடும், அதன்பின் புதிய வளையம் ஏறாது. ஒன்று இரண்டாகும், அதோடு சரி. இந்தப் பூட்டு கழன்றால் இரட்டித்த இடமே மறுபடி இரட்டிக்கும், இழைகள் முறியும், செல் பகுப்புக்கு முந்தைய ஜி2 கட்டத்திலேயே நின்றுவிடும்.

குரங்குகளில் காணப்படும் எஸ்.வி.40 என்ற டி.என்.ஏ வைரசுக்கு அந்த வரம்பு இல்லை. அதன் 'பெரிய டி ஆன்டிஜென்' என்ற புரதம், செல் பகுப்புக்குத் தடைபோடும் ஆர்.பி புரதத்தைப் பற்றிக்கொண்டு, அது பிடித்துவைத்திருந்த ஈ2எஃப் என்ற தூண்டு புரதத்தை விடுவித்து, செல்லை எஸ் கட்டத்துக்குள் தள்ளும். பிறகு எம்.சி.எம்-இன் வேலையைத் தானே செய்து இழைகளைப் பிரிக்கும். 5,243 கார இணைகள் கொண்ட அந்த வட்ட டி.என்.ஏ ஒரே எஸ் கட்டத்தில் பல சுற்று இரட்டிக்கும். சுற்று ஒவ்வொன்றும் இரட்டிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்.என்.ஏ-வை மரபுப்பொருளாகக் கொண்ட கொரோனா வைரசில் நேரிழையிலிருந்து அதற்கு இணையான எதிரிழை, அந்த எதிரிழையிலிருந்து பல நேரிழைகள். இதில் இரட்டை எங்கே வந்தது?

முழு வைரசை எடுத்தால் இன்னும் பொருந்தாது. 37 டிகிரி செல்சியசில், பாக்டீரியாவைத் தாக்கும் டி4 ஃபேஜ் என்ற வைரஸ் ஈ.கோலை பாக்டீரியாவைத் தொற்றியபின் சுமார் 25 நிமிடம் வெளியே எண்ணிக்கை ஏறவே ஏறாது. பிறகு செல் வெடித்து நூறு, அதற்கு மேலும் வெளிவரும். வைரசின் தலையும் வாலும் தனித்தனியே தயாராகிக் கடைசியில்தான் கூடுகின்றன. இரண்டு, நான்கு, எட்டு என்ற கணக்கே இல்லை.

எனவே: டி.என்.ஏ இரட்டிப்பு, ஆர்.என்.ஏ நகலாக்கம், வைரஸ் பெருக்கம். 'படியெடுத்தல்' என்ற சொல் டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு (டி.என்.ஏ-வைப் பார்த்து ஆர்.என்.ஏ உருவாவது) போய்விட்டதால் அதைத் தொட வேண்டாம்.

> மூன்றாகப் பிரிப்பதை ஏற்கிறேன். ஆனால் சோதனைக் குழாயில் டி.என்.ஏ-வைப் பல மடங்காக்கும் பி.சி.ஆர் முறையில் ஆம்ப்ளிஃபிகேஷனையும் 'பெருக்கம்' என்றுதானே எழுதுகிறோம்? ஆய்வக அறிக்கையில் 'வைரஸ் பெருக்கம்' என்றிருந்தால் செல்லில் நடந்ததா, குழாயில் நடந்ததா?

நியாயமான தடை. தன்வினை, பிறவினை வேறுபாட்டை வைத்தே தீர்க்கலாம். செல்லுக்குள் வைரஸ் பெருகுகிறது, பி.சி.ஆரில் நாம் பெருக்குகிறோம். ஆகவே 'வைரஸ் பெருகல்', 'டி.என்.ஏ பெருக்கல்'. பின்னது கணக்குப் பாடத்தை நினைவூட்டினால் 'பெருக்குதல்' என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவான 'பெருக்க'த்தை விட்டுவிடுவோம்.