அம்புக்குறி போட்ட கட்டு

எனக்கு 56 வயது, அம்மாவுக்கு 84. போன வாரம் பரிசோதனைக்காக அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மறுநாள் நான்தான் உரித்தேன். என் கையில் இருந்தால் எப்படி உரிப்பேனோ அப்படி, ஒரே இழுப்பில். பிளாஸ்திரியோடு இரண்டு விரல் அகலத்துக்குத் தோலும் கிளம்பி வந்துவிட்டது. அம்மா கத்தவில்லை. "ஏதோ ஈரமாக இருக்கிறதே, தண்ணீர் கொட்டிவிட்டாயா?" என்றார்.

கட்டுப் போட்ட செவிலியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சுருண்டு கிடந்த தோலை வெட்டி எறிவார் என்று நினைத்தேன். அவரோ உப்புநீரில் நனைத்து, ஈரப் பஞ்சால் மெல்ல நீவி நீவி அதைப் பழைய இடத்திலேயே போர்த்தினார். மேலே, புண்ணைப் பற்றிக்கொள்ளாத சிலிகான் பட்டை. அதன்மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி. பிரிக்கும்போது அந்தப் பக்கமாக மட்டுமே பிரிக்க வேண்டும்; எதிர்ப்பக்கம் இழுத்தால் போர்த்திய தோல் மறுபடி எழுந்துவிடும். இளமையில் மேல்தோலும் உள்தோலும் மேடுபள்ளங்களோடு ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றன. வயதாக ஆக அந்த மேடுபள்ளம் தட்டையாகி, பிடிமானம் போய்விடுகிறது. அம்மாவின் முன்கையில் அடிக்கடி தோன்றும் ஊதா நிறத் திட்டுகளுக்காக, கையை யார் அழுத்திப் பிடித்தது என்று வீட்டில் ஒரு விசாரணையே நடத்தியிருக்கிறேன். மேசை விளிம்பில் லேசாக இடித்தாலே போதும் என்று இப்போதுதான் தெரிகிறது.

உங்களுக்குத் தோல் மாறுவது எந்த வயதில், எதில் புரிந்தது?

*

33 வயது

எனக்கு அவசரத்தில் புரிந்தது, அக்கா. கண்ணோரம் ஒரு கோடு தெரிந்ததும் ரெட்டினாலையும் (சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை) கிளைகாலிக் அமிலத்தையும் (இறந்த மேல்தோலை உரிப்பது) சேர்த்து இரவுதோறும் பூசினேன். பத்தாம் நாள் வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிந்தது. தோல் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஈரப்பதம் காக்கும் களிம்பும் சன்ஸ்கிரீனும் மட்டும் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து ரெட்டினால் மட்டும், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டு இரவு. குழந்தைக்குத் திட்டமிட்டால் அதையும் விட்டுவிட வேண்டுமாம். டப்பாவில் அது பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, யார் படித்தது!

*

51 வயது

மாதவிடாய் நின்ற மறுவருடம் தொடங்கியது. இரவில் கால்களின் முன்பக்கம் அரிக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் சொறிந்த வெள்ளைக் கோடுகளைத் தவிர ஒன்றும் இருக்காது. மூட்டைப்பூச்சி என்று மெத்தையை இரண்டு முறை வெயிலில் போட்டேன். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளிலேயே தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. எண்ணெய்ப் பசையும் குறைகிறது. மிச்சமிருந்ததை நான் சோப்பு போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது சோப்பு அக்குளுக்கும் இடுப்பின் கீழும் பாதத்துக்கும் மட்டும். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதையும் விட்டேன் (இதுதான் கஷ்டமாக இருந்தது). முழுதாகத் துவட்டாமல், ஈரத்தோடேயே வாசனையில்லாத களிம்பு. இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பியது. சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் எனக்குப் புகார் இல்லை.

*

62 வயது, ஆண்

முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவன். என் முன்கைகளைச் சேர்த்து வைத்தால் இரண்டு வெவ்வேறு ஆட்களின் கைகள் என்பார்கள். ஜன்னல் பக்கத்துக் கை கறுத்துத் தடித்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தானே ஓட்டினேன்! தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிரைத்தான் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கிறது. ஆழமாக இறங்கும் புற ஊதா ஏ கதிர் பக்கக் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடுகிறது. 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட ஒரு படத்தை மகள் காட்டினாள்: 28 ஆண்டு லாரி ஓட்டிய 69 வயதுக்காரர், முகத்தின் இடப்பக்கத்தில் மட்டும் தோல் தடித்து மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. இப்போது முழுக்கைச் சட்டை போடுகிறேன். சன்ஸ்கிரீன் பூசக் கூச்சம். காதிலும் கழுத்திலும் மட்டும் பூசுகிறேன், அதுவும் மகள் பார்க்கும்போது.

*

47 வயது

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அம்மாவின் கை, கால்களுக்குக் காலையும் இரவும் களிம்பு தடவுங்கள், அக்கா. தேய்க்காமல், முடி படியும் திசையில். மேற்கு ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், இரு வேளை தடவியவர்களிடம் தோல் கிழிவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உங்கள் நகத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

*

56 வயது, மறுபடியும்

நகம் வெட்டியாயிற்று. இன்று காலை செவிலியர் பக்கத்தில் நிற்க, நானே கட்டைப் பிரித்தேன். ஒரு கையால் தோலை அமுக்கிக்கொண்டு, மறு கையால் பட்டையை மடித்து மடித்து, அம்பு காட்டிய வழியே போனேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். தோல் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் அரிசி அளவுக்கு மட்டும் திறப்பு. "இவ்வளவு நேரமா?" என்று அம்மா அலுத்துக்கொண்டார்.