பத்தாவது முடிச்ச தம்பிக்கு ஃபர்ஸ்ட் குரூப்பா, வொகேஷனலா, ஐடிஐயா? வீட்ல சண்டை, யாராச்சும் சொல்லுங்க

காசிமேட்டு அக்கா

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட்டு, பொறுத்துக்கோங்க. எங்க வீட்ல ரெண்டு வாரமா இதே பஞ்சாயத்து தான். தம்பி ஆறாவதுல இருந்து கார்ப்பரேஷன் ஸ்கூல், தமிழ் மீடியம், இப்ப பத்தாவது முடிச்சிட்டான். 338 மார்க். மேத்ஸ் 52, சயின்ஸ் 71. அப்பா விசைப்படகுல டிரைவர், மீன்பிடி தடைக்காலம்ங்கறதால ஏப்ரல் 15ல இருந்து வீட்ல தான் இருக்காரு, ஜூன் 14 வரைக்கும் போட் எடுக்க முடியாது, அதனால ரிசல்ட் வந்த நாள்ல இருந்து காலைல டீ குடிக்கும்போது ஆரம்பிச்சா ராத்திரி பாய் போடுற வரைக்கும் இதே பேச்சு.

தம்பி என்னடான்னா, தடைக்காலத்துல போட்டெல்லாம் கரையேத்தி இன்ஜின பிரிச்சுப் போடுவாங்க இல்ல, அந்த மெக்கானிக் அண்ணன் கூடவே கெடக்குறான். சாப்பிடக்கூட வர்றதில்ல, கையெல்லாம் கிரீஸ். நான் ஐடிஐ டீசல் மெக்கானிக் தான் போவேன், பிளஸ் ஒன் வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அப்பாவுக்கு ஐடிஐன்னு காதுல விழுந்தாலே ஆவாது. "நான் தான் டீசல் நாத்தத்துலயே பாதி ஆயுசு ஓட்டிட்டேன், இவனும் அதுலயே வரணுமா, ஃபர்ஸ்ட் குரூப் போட்டு இன்ஜினியர் ஆவட்டும்"ங்கறாரு. அம்மா யாரு சத்தமா கத்துறாங்களோ அவங்க பக்கம்.

இதுல ஸ்கூல்ல ஒரு சார் மூணாவதா ஒண்ண எடுத்து விட்டாரு, பக்கத்து ஹையர் செகண்டரில வொகேஷனல் குரூப் இருக்கு, பேசிக் மெக்கானிக்கல், அதுல சேர்த்தா தொழிலும் ஆச்சு பிளஸ் டூவும் ஆச்சுன்னு. எனக்கு ஒண்ணும் புரியல, நான் படிச்சது தேர்ட் குரூப்பு, இப்ப எம்.சி. ரோட்ல துணிக்கடைல பில் போடுறேன். ஐடிஐ போயிட்டா அப்புறம் காலேஜ் அவ்ளோ தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பெரம்பூர் பழைய ஃபிட்டர்

பாருமா, நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல 34 வருஷம் இருந்து ரிடையர் ஆனவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். ஐடிஐ போனா படிப்பு முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறது அந்தக் காலம். இப்ப பத்தாவதுக்கு அப்புறம் ரெண்டு வருஷ ஐடிஐ பாஸ் பண்ணி, பிளஸ் டூ தமிழ், இங்கிலீஷ் பேப்பர் ரெண்டையும் எழுதிட்டா பிளஸ் டூவுக்கு சமம்னு கவர்மென்ட்டே ஒத்துக்குது. அது இல்லாம ஐடிஐ முடிச்சவன் பாலிடெக்னிக்ல நேரா செகண்ட் இயர் சேரலாம், அதுல இருந்து பிஇ செகண்ட் இயர் போகலாம். வழி அடைக்கல, கொஞ்சம் சுத்து வழி, அவ்ளோ தான்.

ஆனா உன் தம்பி ஒரு எடத்துல கால் விடுறான். டீசல் மெக்கானிக் ஒரு வருஷ ட்ரேடு, அதாவது ஐடிஐல எடுக்குற தொழில் பிரிவு. நான் சொன்ன பிளஸ் டூ சமாச்சாரம் ரெண்டு வருஷ ட்ரேடுக்கு. அவனுக்கு இன்ஜின் தான் உசுருன்னா எம்எம்வி எடுக்கச் சொல்லு, மோட்டார் வண்டி மெக்கானிக்கு, அது ரெண்டு வருஷம், டீசல் இன்ஜினும் அதுல வந்துடும். இல்லன்னா ஃபிட்டர்.

இன்னொண்ணு அப்பா கிட்ட சொல்லு. ரயில் ஓட்டுறானே அசிஸ்டென்ட் லோகோ பைலட், அந்தப் போஸ்ட்டுக்கு வெறும் பிளஸ் டூ மார்க் ஷீட்ட நீட்டினா அப்ளிகேஷனே போட முடியாது. பத்தாவதோட ஐடிஐ வேணும், இல்ல டிப்ளமோ, இல்ல இன்ஜினியரிங். 18 வயசு ஆகியிருக்கணும். கண்ணு மட்டும் சுத்தமா இருக்கணும், கண்ணாடி போட்டா மெடிக்கல்ல வெளிய அனுப்பிடுவாங்க. தம்பி கண்ணாடி போடுவானா?

ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப் ஃபேக்டரில அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுற பசங்கள எடுக்குறாங்க, ஐடிஐ முடிச்சவனையும் எடுப்பாங்க, பத்தாவது முடிச்ச புதுப் பையனையும் எடுப்பாங்க. ஆனா பொய் சொல்லக் கூடாது, எங்க காலத்துல அப்ரண்டிஸ் முடிச்சா அப்படியே உள்ள இழுத்துக்குவாங்க, இப்ப அப்படி இல்ல. ரயில்வேல அடிமட்ட லெவல் ஒன் வேலைல 20 சதவீதம் அப்ரண்டிஸ் முடிச்சவனுக்கு ஒதுக்கி வச்சிருக்காங்க, அதுக்கும் எக்ஸாம் எழுதணும். அத நம்பி சும்மா உக்காந்து வயசு போனவன் எங்க தெருவுலயே ரெண்டு பேரு இருக்கானுங்க.

வியாசர்பாடி சிஎன்சி

யக்கா, பெரியவர் சொல்றது கரெக்டு தான், ஆனா அவரு சென்ட்ரல் கவர்மென்ட் கதை சொல்றாரு, நான் வெளிய இன்னா நடக்குதுன்னு சொல்றேன். நானும் ஐடிஐ தான், டர்னரு. மார்க் கம்மின்னு எங்கப்பா கவர்மென்ட் சீட்டுக்குக் காத்துனு இருக்காம ஒரு பிரைவேட்ல துட்டு கட்டி சேத்துட்டாரு. பேரு வேணாம். அங்க லேத்து மெஷின் மேல துணி போர்த்தி வச்சிருப்பானுங்க, இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு தான் துணிய எடுப்பானுங்க. ரெண்டு வருஷத்துல நான் மொத்தமா எத்தினி பீஸ் கடைஞ்சேன்னு கேட்டா கையில எண்ணிடலாம். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில ஹெல்ப்பரா சேந்து, திட்டு வாங்கி, அங்க தான் தொழிலே கத்துக்குனேன்.

அதனால சேத்தா கவர்மென்ட் ஐடிஐல சேரு. ஃபீஸ் கெடையாது, மாசம் 750 ரூபா ஸ்டைபண்டு, பஸ் பாஸு, உன் தம்பி கார்ப்பரேஷன் ஸ்கூல்ங்கறதால தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும். மெஷினும் இப்ப பரவால்ல, டாட்டா டெக்னாலஜிஸோட சேந்து 71 கவர்மென்ட் ஐடிஐல ரோபோ, சிஎன்சின்னு (கம்ப்யூட்டர் ப்ரோகிராம்ல ஓடுற மெஷின்) புதுசா எறக்கிருக்காங்க. ஆனா போயி பாரு. ஒர்க்‌ஷாப் உள்ள போயி தரைல சுருள் கெடக்குதான்னு பாரு, இரும்பு கடைஞ்ச சுருள். சுருள் இல்லாத ஒர்க்‌ஷாப்பு மியூசியம் தான்.

அப்புறம் அந்த மேத்ஸ் 52. ஐடிஐ போனா மேத்ஸ் வேணாம்னு தம்பி நெனச்சுனு இருந்தான்னா அத இப்பவே உடைச்சுடு. ட்ராயிங் படிக்கத் தெரியாதவன், சைன் காஸ் தெரியாதவன் கடைசி வரைக்கும் பட்டன் தான் அமுக்குவான், பக்கத்துல ப்ரோகிராம் போடுறவன் சம்பளம் வேற. நான் ரெண்டு வருஷம் பட்டன் அமுக்கிட்டு அப்புறம் தான் புத்தி வந்து டிப்ளமோ பண்ணேன். காண்ட்ராக்ட் வேலை, பன்னெண்டு மணி நேர ஷிஃப்டு, பேஜாரு எல்லாம் கீது, மறைக்கல.

கப்பல் வேலை வாங்கித் தரேன்னு எவனாச்சும் வந்தா மட்டும் தொரத்தி விடு. காசிமேட்டுப் பசங்கன்னா கடல் பழக்கம்னு தெரிஞ்சே வருவானுங்க. எங்க மாமா பையன் ஒரு ஏஜென்ட் கிட்ட அப்படித்தான் துட்ட உட்டான். கப்பல்ல கீழ்மட்ட வேலைக்கு ஜிபி ரேட்டிங்னு ஆறு மாச கோர்ஸ் நெசமாவே இருக்கு, ஆனா டிஜி ஷிப்பிங்னு சென்ட்ரல் கவர்மென்ட்டோட கப்பல் ஆபீஸ் அப்ரூவல் இருக்குற எடத்துல படிச்சா தான் செல்லும்.

மணலி மதி

அக்கா, யாருமே சொல்லாத ஒண்ண நான் சொல்றேன், ஏன்னா நான் அதுல தான் படிச்சேன். 7.5 சதவீதம். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா இன்ஜினியரிங் கவுன்சலிங்ல தனி இட ஒதுக்கீடு, 2021ல இருந்து இருக்கு, காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் கவர்மென்ட்டே கட்டிடுது. உங்க தம்பிக்கு ஆறுல இருந்து பத்து வரைக்கும் ஏற்கெனவே கையில இருக்கு, இன்னும் ரெண்டே வருஷம். பத்தாவதோட வெளிய வந்துட்டா அந்தக் கதவு மூடிடும், அப்புறம் டிப்ளமோ வழியா பிஇ வந்தாலும் அது கெடைக்காது. கடலுக்குப் போற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

நான் எடுத்தது வொகேஷனல் தான், பேசிக் எலக்ட்ரிக்கல், கிளாஸ்ல பொண்ணுங்க மூணே பேரு. அந்த சார் சொன்ன மாதிரி வொகேஷனலுக்கு கவுன்சலிங்ல தனியா 2 சதவீதம் இருக்கு, ஃபர்ஸ்ட் குரூப் டாப்பர்ஸோட மோத வேண்டியதில்ல. ப்ராக்டிகல் மார்க்கும் கை குடுக்கும். ஆனா அதுல மேத்ஸ் உண்டு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி கெடையாது. காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல ரெண்டும் வந்து உக்காந்துச்சு பாருங்க, எனக்கு ரெண்டுலயும் அரியர், அழுதுட்டே படிச்சு க்ளியர் பண்ணேன். அத எனக்கு முன்னாடியே யாராச்சும் சொல்லிருந்தா லீவுலயே பிளஸ் ஒன் பிசிக்ஸ் புக்க எடுத்துப் படிச்சிருப்பேன்.

சேர்க்குறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, வொகேஷனல் வாத்தியார் எப்போ ரிடையர் ஆகுறாருன்னு. சிரிக்காதீங்க. எங்க ஸ்கூல்ல எங்க சார் போனதும் அந்தப் போஸ்ட்டுக்கு ஆளே போடல, எங்களுக்கு அடுத்த பேட்சோட குரூப்பே மூடிட்டாங்க, இப்ப அந்த லேப்ல பழைய பெஞ்ச அடுக்கி வச்சிருக்காங்க.

டிப்ளமோ டீச்சர்

பாலிடெக்னிக்க யாரும் பெருசா பேசலையேன்னு எழுதுறேன். பிளஸ் டூ ரெண்டு வருஷம், பிஇ நாலு வருஷம், மொத்தம் ஆறு. டிப்ளமோ மூணு வருஷம், அப்புறம் பிஇ செகண்ட் இயர்ல சேர்ந்து மூணு வருஷம், அதுவும் ஆறு. நடுவுல வேலைக்குப் போகணும்னு தோணுச்சுன்னா டிப்ளமோக்காரன் கையில ஒரு சர்டிஃபிகேட் இருக்கும். புரசைவாக்கத்துலயே கவர்மென்ட் பாலிடெக்னிக் இருக்கு, தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் கெடைச்சா பீச் ஸ்டேஷன் வந்து வேளச்சேரி ட்ரெயின் மாறணும், தூரம் தான்.

ஆனா உண்மைய சொல்லணும்னா 52க்கு எனக்குக் கொஞ்சம் பயம். ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ்ல தான் எங்க பசங்க விழுவாங்க, அதுவும் தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பையன் முதல் மூணு மாசம் போர்டுல என்ன எழுதிருக்குன்னே புரியாம உக்காந்திருப்பான், வெக்கப்பட்டுக் கேக்கவும் மாட்டான். வீட்ல ஒருத்தர் தினமும் கேட்டுட்டே இருந்தா தாண்டிடுவான்.

காசிமேட்டு அக்கா

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், ஒவ்வொண்ணா அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பெரியவரே, தம்பி ஒரு வருஷமா கண்ணாடி போடுறான். லோகோ பைலட் இல்லன்னதும் அப்பா மூஞ்சி தொங்கிருச்சு, தம்பிக்கு ஒண்ணுமே இல்ல, அவனுக்கு ரயில் மேல என்ன ஆசை.

நேத்து மூணு பேரும் போயி ஒரு கவர்மென்ட் ஐடிஐய பாத்துட்டு வந்தோம். சிஎன்சி அண்ணா, சுருள் கெடந்துச்சு. நான் கீழ குனிஞ்சு பாக்குறத பாத்து அங்க இருந்த பசங்க சிரிச்சாங்க. அப்பா வாசல்லயே நின்னுட்டாரு, உள்ள வர மாட்டேன்னாரு, அப்புறம் ஒரு இன்ஜின வெட்டி உள்ள தெரியுற மாதிரி வச்சிருந்தாங்க, அத பாத்ததும் மெதுவா வந்து அந்த இன்ஸ்ட்ரக்டர் கிட்ட இன்ஜெக்டர பத்தி ஒரு கேள்வி கேட்டாரு. அவ்ளோ தான், முக்கா மணி நேரம் ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தாங்க, நானும் தம்பியும் சும்மா நின்னோம். வீட்டுக்கு வந்து மறுபடியும் "பிளஸ் ஒன்"னு தான் சொல்றாரு, ஆனா சத்தம் கொறைஞ்சிருக்கு.

வொகேஷனல் ஸ்கூல்ல மதி சொன்ன கேள்விய கேட்டோம். சார் வர்ற வருஷம் ரிடையராம். அப்போ பசங்க பிளஸ் டூல இருப்பாங்களேன்னு கேட்டேன், "பாத்துக்கலாம்மா"ன்னாங்க. அத விட்டுட்டோம்.

7.5 தான் என் தூக்கத்த கெடுக்குது. அத தம்பி கிட்ட உக்கார வச்சு சொன்னேன், ஃபீஸே இல்லாம இன்ஜினியரிங் படிக்கலாம்டான்னு. அவன் யோசிச்சுட்டு "அதுக்கு ரெண்டு வருஷம் கெமிஸ்ட்ரி படிக்கணுமேக்கா"ங்கறான். என்ன சொல்றதுன்னு தெரியல. இப்போதைக்கு ஸ்கூல்லயே பிளஸ் ஒன் அப்ளிகேஷனும் குடுத்துட்டு, ஐடிஐக்கு ஆன்லைன்லயும் போடலாம்னு இருக்கோம், எது கைக்கு வருதோ பாப்போம். ஐடிஐ ஃபார்ம்ல ட்ரேடு வரிசையா கேக்குது, எம்எம்வி முதல்லயா ஃபிட்டர் முதல்லயா? சீக்கிரம் சொல்லுங்க, 14ஆம் தேதி நைட்டு அப்பா கடலுக்குக் கெளம்பிடுவாரு, கையெழுத்து அவரு தான் போடணும்.

பெரம்பூர் பழைய ஃபிட்டர்

கண்ணாடி போட்டவனுக்கு ரயில்வேயே இல்லன்னு நெனச்சுக்காதீங்கமா, டெக்னீசியன் போஸ்ட்ல கண்ணாடியோட எடுக்குறது இருக்கு. நான் ஃபிட்டர், அதனால ஃபிட்டர்னு தான் சொல்வேன், எல்லா ஃபேக்டரிலயும் கேப்பான். ஆனா அவன் சோறு மறந்து நிக்கிறது இன்ஜின் பக்கத்துல. எம்எம்வி ஒண்ணு, ஃபிட்டர் ரெண்டு. டிசி ஒரிஜினல ஸ்கூல்ல குடுக்குறதுக்கு முன்னாடி நாலு ஜெராக்ஸ் எடுத்து வையி.