கறவை தவறிய நாளில் உங்கள் மாடு என்ன செய்தது?

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மூன்று கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். காலை ஐந்து மணிக்கும் சாயங்காலம் நாலரைக்கும் பால் பீச்சிவிடுவேன். பத்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் தவறிப்போனது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

தங்கை மகளுக்குப் பழனியில் காதுகுத்து. காலையில் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுக் கிளம்பினோம். சாயங்காலத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கறவைக்கு வருகிறவரிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். என் போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்ததால், வர முடியாது என்று அவர் கூப்பிட்டதும் எனக்குத் தெரியவில்லை. வீடு வந்தபோது இரவு பதினொரு மணி. காலைக் கறவையிலிருந்து கணக்குப் போட்டால் பதினெட்டு மணி நேரம்.

கேட்டைத் திறக்கும் முன்பே சத்தம் கேட்டது. பசிக்குக் கத்துவது ஒரு மாதிரி, கன்றைத் தேடிக் கத்துவது ஒரு மாதிரி. இது இரண்டும் இல்லை. அடித்தொண்டையில் இழுத்து இழுத்து முனகிக்கொண்டிருந்தாள் எங்கள் செவலை. இரண்டாம் ஈத்து, கன்று போட்டு நாற்பது நாள், ஒரு நாளைக்குப் பதினாறு லிட்டர் கறந்துகொண்டிருந்தவள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றிக்கொண்டே நின்றாள். மதியத்துக்கென்று போட்டிருந்த தட்டுத் தீவனம் அப்படியே கிடந்தது. அசை போடவில்லை. வழக்கமாக அந்த நேரத்துக்குப் படுத்து எழுந்து தொடையில் சாணம் ஒட்டியிருக்கும்; அன்றைக்குத் தொடை சுத்தமாக இருந்தது. மடி கனத்துப் படுக்கவே முடியாமல் நின்றிருக்கிறாள் என்று அதைப் பார்த்துத்தான் புரிந்தது. மடித்தோல் இழுத்துப் பளபளத்தது. காம்பு நுனியிலிருந்து பால் தானாகச் சொட்டி, சிமெண்ட் தரையில் வெள்ளைக் கோடாக வாய்க்கால் வரைக்கும் போயிருந்தது. மற்ற இரண்டும் பால் குறைந்த மாடுகள். அவை படுத்துத்தான் கிடந்தன.

அவசரத்தில் நேராகக் காம்பில் கை வைத்தேன். விட்டாள் ஓர் உதை, வாளி உருண்டு போனது. அதுவரை ஒரு நாளும் கால் தூக்காதவள். வீட்டுக்காரர் பின்னங்காலைக் கட்டும் அணைகயிற்றை எடுத்தார். என் அத்தைதான் தடுத்தார். "கட்டுனா பாலை அடக்கிக்கும் சாமி, சுடுதண்ணி கொண்டா." வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மடியைச் சுற்றி ஒற்றிக்கொண்டே இருந்தோம். கன்றை அவிழ்த்து முகத்துக்கு நேராக விட்டோம். அவள் அதை நக்க ஆரம்பித்த பிறகுதான் பால் இறங்கியது. பால் இறங்குவதற்கு மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் வர வேண்டும், மாடு பயந்தாலோ வலித்தாலோ அட்ரினலின் வந்து அதைத் தடுத்துவிடும் என்று பின்னால் கால்நடை மருத்துவர் சொன்னார். அத்தைக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது.

இரண்டாம் நாள் காலை முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தேன். பின் வலது காம்பில் திரி திரியாக வந்தது, தொட்டால் சூடு. மடிநோய். மருத்துவர் விளக்கினார்: பால் அவ்வளவு நேரம் தேங்கினால் மடிக்குள் அழுத்தம் ஏறி, பால் சுரக்கும் செல்களுக்கு நடுவில் உள்ள கட்டு இளகிவிடும், ரத்தத்தில் உள்ள உப்பு பாலில் கசியும். வெளியே பால் ஒழுகும் காம்பின் துவாரம் திறந்தே இருப்பதால் தரையில் உள்ள கிருமி நேராக உள்ளே போகும். ஊசி போட்ட நாட்களில் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றவில்லை. அந்த ஈத்து முழுக்க அந்தக் காம்பில் பழைய பால் திரும்பவே இல்லை. பால் போனதை விட, சாயங்காலக் கறவை தவறிய அந்த ஆறரை மணி நேரம் அவள் நின்ற நிலைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

*

அக்கா, நான் பட்டுக்கோட்டை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் 2018 நவம்பர் 16 ஞாபகம் வந்துவிட்டது. கஜா புயல் அடித்த விடியற்காலை. தென்னை விழுந்து கொட்டகை பாதி போய்விட்டது, மாடுகள் பிழைத்தன. பால் வண்டி வரவில்லை, கரண்ட் பல நாள் இல்லை. முதல் நாள் கூரையைப் பார்ப்பதா, மாட்டைப் பார்ப்பதா என்றே தெரியவில்லை. இரண்டு வேளை தப்பிவிட்டது.

வாங்க ஆள் இல்லாத பாலை ஏன் கறக்க வேண்டும் என்று நினைத்தது என் தவறு. கன்றுகளை இஷ்டத்துக்கு அவிழ்த்துவிட்டேன். மடி குறைந்தது, ஆனால் கன்றுகள் வயிறு முட்டக் குடித்துவிட்டு மறுநாள் வெள்ளையாகக் கழிந்தன. அப்புறம்தான் கன்றுக்கு அளவாக விட்டுவிட்டு மீதியைக் கறந்து தெருவில் எல்லோருக்கும் கொடுத்தேன். அடுப்பு எரிந்த வீடுகளில் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் கறந்துவிட வேண்டும் என்பதை அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு மாட்டுக்கு மடி கல்லாகிவிட்டது. மருந்துக்கடைக்குப் போக வழி இல்லை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீரில் இளக்கிப் பாலைக் கறந்த பிறகு ஒரு நாளைக்குப் பல தடவை மடி முழுக்கத் தடவினோம். வீக்கம் மெல்ல வடிந்தது. ஆனால் காய்ச்சல் இருந்தாலோ பாலில் ரத்தம் வந்தாலோ இதை நம்பி உட்காராதீர்கள், கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்குக் கூப்பிடுங்கள்.

*

அம்மா, தம்பி, உங்கள் இருவருக்கும் தெரியாமல் நடந்தது. வேண்டுமென்றே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சந்தைக்கு ஓட்டி வருமுன் ஒரு வேளை, இரண்டு வேளை பால் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி பெரிதாகத் தெரிந்தால் விலை கூடும். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் ஏமாந்து ஒரு மாட்டை வாங்கினேன். வண்டியிலிருந்து இறக்கும்போதே தொடை மடியில் உரசாமல் காலை வீசி வீசி நடந்தது. அதை நல்ல மடிக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அவசரமாகக் கறந்து முடித்தபோது வாளியில் பதினோரு லிட்டர். அடுத்த வேளையில் நாலுதான்.

இப்போதெல்லாம் சந்தையில் மடியைப் பார்ப்பதற்கு முன்னால் மாட்டின் நிற்பைப் பார்க்கிறேன். காலை மாற்றி மாற்றி வைக்கிறதா, காம்பு நுனி ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா. அப்படி ஒன்று கண்ணில் பட்டால், நான் வாங்கப்போவது இல்லை என்றாலும் உரியவரிடம் போய், "முதல்ல கறந்து விடுங்க, அப்புறம் விலை பேசுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். சிலர் சண்டைக்கு வருவார்கள். போன மாதம் ஒருவர் மறுபேச்சுப் பேசாமல் குந்தி உட்கார்ந்து, அங்கேயே மண்ணில் பீச்சிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த மாடு கீழே கிடந்த வைக்கோலை எடுத்துத் தின்ன ஆரம்பித்தது.