பந்தய நேரலை சந்தா அலைவரிசைக்குப் போனது தவிர்க்க முடியாததுதானா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயங்களின் நேரலை ஒவ்வொரு நாடாகக் கட்டணமில்லா அலைவரிசைகளை விட்டு நீங்குவதைப் பல ஆண்டுகளாக வருத்தத்தோடு கவனித்து வருகிறேன். பிரிட்டனில் 2009 முதல் 2011 வரை எல்லாப் பந்தயங்களையும் பிபிசி நேரலையாகக் காட்டியது. 2012 முதல் அதனிடம் பாதிப் பந்தயங்கள்தான் எஞ்சின. முழுப் பருவத்தையும் காண விரும்பியவர்கள் ஸ்கைக்குச் சந்தா கட்ட வேண்டியதாயிற்று. 2016-இல் அந்தப் பாதி, கட்டணமில்லா அலைவரிசையான சேனல் 4-க்குக் கைமாறியது. 2019 முதல் சில்வர்ஸ்டோனில் நடக்கும் உள்நாட்டுப் பந்தயத்தைத் தவிர, நேரலை முழுவதும் ஸ்கையின் வசமாகிவிட்டது. மற்ற பந்தயங்களின் சுருக்கத் தொகுப்பு மட்டும் சேனல் 4-இல் வருகிறது. பிரான்சில் 2013-இல் நேரலை உரிமை கட்டணமில்லா டிஎஃப்1-ஐ விட்டுச் சந்தா அலைவரிசையான கனால் பிளஸுக்குப் போனது. ஜெர்மனியில் 1991 முதல் பந்தயங்களைக் கட்டணமின்றிக் காட்டிவந்த ஆர்டிஎல், 2020 பருவத்தோடு அந்த இடத்தை ஸ்கைக்கு விட்டது. மோட்டார் சைக்கிள் பந்தயமும் இதற்கு விலக்கல்ல: பிரிட்டனில் மோட்டோஜிபி தொடர் 2014-இல் பிபிசியிலிருந்து பிடி ஸ்போர்ட் என்ற சந்தா அலைவரிசைக்கு மாறியது.

நான் இந்த விளையாட்டுக்குள் வந்தது தேடி வந்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, மழையில் ஒரு கார் மற்றொன்றை வெளிப்பக்கமாக முந்துவதைக் கண்டு கையை எடுத்தவன்தான், இன்றுவரை ஒரு பருவத்தையும் விட்டதில்லை. சந்தாச் சுவருக்குப் பின்னால் இருக்கும் பந்தயத்தின்மேல் இப்படி ஒரு சிறுவனின் கண் தற்செயலாகப் பட வழியே இல்லை. இந்த மாற்றம் பணத்தின் கட்டாயத்தால் நேர்ந்ததா? சுருக்கத் தொகுப்பு அந்த இழப்பை ஈடுசெய்யும் என்று நினைக்கிறீர்களா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

பணத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். ஃபார்முலா ஒன்னுக்கு வரும் வருமானத்தில் பெரும்பகுதி மூன்று வழிகளில் வருகிறது: பந்தயத்தை நடத்தும் ஊர்கள் செலுத்தும் கட்டணம், ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர்கள். இதில் கிடைப்பதில் ஒரு பங்கு அணிகளுக்குப் பிரிகிறது. ஆகவே ஒளிபரப்பு உரிமை அதிக விலைக்குப் போவதை எந்த அணியும் எதிர்ப்பதில்லை. கட்டணமில்லா அலைவரிசை, பார்வையாளரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்றுப் பிழைக்கிறது. சந்தா அலைவரிசையோ பார்வையாளரின் ஆர்வத்தை அவரிடமே விற்கிறது. ஐம்பது இலட்சம் பேர் பொழுதுபோக்காகப் பார்ப்பதைவிட, பந்தயம் இல்லாமல் இருக்க முடியாத ஐந்து இலட்சம் பேர் மாதந்தோறும் கட்டும் தொகை அதற்கு மேலானது. (இவை விளக்கத்துக்காக நான் சொல்லும் எண்களே.)

பிபிசியின் நிலையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2010-இல் அதற்காக வீடுகள் செலுத்தும் உரிமக் கட்டணம் பல ஆண்டுகளுக்கு உயராதபடி நிறுத்திவைக்கப்பட்டது. 2013 வரை ஒப்பந்தம் இருந்தும், செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் 2011 ஜூலையில் ஸ்கையுடன் பங்கிட்டுக்கொள்வதாக அது அறிவித்தது. பந்தயத்தின்மேல் வெறுப்புற்று அது விலகவில்லை. ஆனால் அன்றைய பருவத்தின் நடுவில் அந்தச் செய்தியைக் கேட்ட ரசிகர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் தவறே இல்லை.

மறுமொழி 2

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. பழைய நாட்களின் குறைகளை நாம் மறந்துவிடக்கூடாது. 2005-இல் இமோலாவில் நடந்த சான் மரினோ கிராண்ட் பிரியின் இறுதிக் கட்டத்தில், முன்னால் ஓட்டுநர் அலோன்சோவும் அவரை ஒட்டியபடியே ஷூமாக்கரும் சுற்றுக்குச் சுற்று போராடிக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சில சுற்றுகளே எஞ்சியிருந்த அந்த நேரத்தில் பிரிட்டனின் ஐடிவி விளம்பர இடைவேளைக்குச் சென்றுவிட்டது. விளம்பரத்தை நம்பி வாழும் அலைவரிசைக்கு அது தற்செயலான பிழை மட்டுமல்ல. கால்பந்தில் இருப்பதுபோல் பாதி நேர இடைவெளி இல்லாத விளையாட்டில், எங்கே வெட்டினாலும் ஏதோ ஒன்று தவறும். 2012-இல் ஸ்கை இந்த ஒரு விளையாட்டுக்கென்றே தனி அலைவரிசை தொடங்கி, பயிற்சி ஓட்டம், தகுதிச் சுற்று, பொறியாளர்களின் விளக்கம் ஆகியவற்றோடு, இடையில் விளம்பரம் இல்லாத முழுப் பந்தயத்தையும் தந்தது. ஆழமாகப் பார்க்க விரும்பும் எனக்கு அது பெரிய பேறு. அதற்கு ஒரு விலை இருப்பதை நான் ஏற்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தரம் உயர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் 2009 முதல் 2011 வரை பிபிசியும் விளம்பரமின்றியே காட்டியது. ஆகவே விளம்பரத்திலிருந்து விடுதலை பெறச் சந்தா ஒன்றே வழி என்பதை என் மனம் ஏற்கவில்லை.

சுருக்கத் தொகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என் மனக்குறை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கால்பந்தில் கோல்களை மட்டும் காட்டினாலும் ஆட்டத்தின் சாரம் ஓரளவு கிடைத்துவிடும். பந்தயம் அப்படிப்பட்டதல்ல. பின்னால் வரும் ஓட்டுநர் ஒருவர், முன்னால் இருப்பவருக்கு முன்பே பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடத்துக்குள்) சென்று புதிய டயர்களை மாட்டிக்கொண்டு, அவர் தேய்ந்த டயரில் ஓடும் அந்த ஓரிரு சுற்றுகளில் விநாடிகளைச் சேர்த்து, அவர் பிட்டிலிருந்து வெளியே வரும்போது முன்னால் நிற்கும் உத்திக்கு அண்டர்கட் என்று பெயர். பத்துச் சுற்றுகளாக இடைவெளி ஒன்றரை விநாடிக்கும் இரண்டு விநாடிக்கும் இடையில் ஊசலாடுவதைப் பார்த்தவருக்குத்தான் அந்த நகர்வின் துணிவு விளங்கும். தொகுப்பில் அது, இடம் மாறிய இரண்டு கார்களாக மட்டுமே தெரிகிறது. ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும் அந்தச் சுற்றுகளை வெட்டிய பிறகு எஞ்சும் மோதல்களும் முந்தல்களும் பந்தயம் ஆகிவிடாது.

மறுமொழி 3

நீங்கள் சொல்வதை ஸ்கையே ஒருமுறை ஒப்புக்கொண்டது என்பேன். 2021-இல் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிட்ட ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சரிசமமான புள்ளிகளோடு அபுதாபியின் இறுதிப் பந்தயத்துக்கு வந்தபோது, அதைச் சேனல் 4-உம் நேரலையாகக் காட்ட அந்த நிறுவனம் இசைந்தது. நாடே பார்க்க வேண்டிய பந்தயம் என்று ஒன்று உண்டு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இழப்பு தவிர்க்க முடியாததா என்ற கேள்விக்கு ஆஸ்திரியாவைப் பார்க்கலாம். 2021 முதல் அங்கே ஓஆர்எஃப், சர்வஸ் டிவி என்னும் இரண்டு கட்டணமில்லா அலைவரிசைகள் பந்தயங்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டு முழுப் பருவத்தையும் நேரலையாகத் தந்தன. எல்லைக்கு அப்பால், அதே மொழி பேசும் ஜெர்மனியில் 2023-இல் ஆர்டிஎல் ஒரு பந்தயத்தைக்கூட நேரலையாகக் காட்டவில்லை. பிறகு 2024-இல் ஸ்கையிடமிருந்து ஏழு பந்தயங்களைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் இன்டிகார் தொடர் இதற்கு எதிர்த்திசையில் நடந்து, 2025-இல் தன் பந்தயங்கள் அனைத்தையும் ஃபாக்ஸின் பொது அலைவரிசைக்குக் கொண்டுவந்தது.

சட்டத்துக்கும் இதில் இடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் குறிப்பிட்ட விளையாட்டு நிகழ்வுகளைக் கட்டணமில்லா அலைவரிசைகள் வாங்க வாய்ப்புக் கிடைக்கும் முன் சந்தா நிறுவனங்கள் கவர்ந்துகொள்ளக் கூடாது என்ற விதி இருக்கிறது. அந்நாட்டில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயமும், மோட்டோஜிபி பந்தயமும், பாதர்ஸ்ட் 1000 என்ற கார்ப் பந்தயமும் அந்த விதிக்கான பட்டியலில் இடம்பெற்றுள்ளன. பிரிட்டனிலும் 1996-ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டத்தின்கீழ் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. அதில் டெர்பி குதிரைப் பந்தயமும் விம்பிள்டன் இறுதி ஆட்டமும் இருக்கின்றன, சில்வர்ஸ்டோன் இல்லை. இன்று சேனல் 4-இல் அது வருவது ஒப்பந்தத்தின் தயவால்தான், உரிமையால் அல்ல.

பிரிட்டனில் ஸ்கையின் ஒப்பந்தம் இன்னும் சில ஆண்டுகளுக்கு நீள்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையின்போது ரசிகர்கள் முழுப் பருவத்தையும் இலவசமாகக் கேட்டால் யாரும் செவிசாய்க்கமாட்டார்கள். பருவத்தின் முதல் பந்தயம், உள்நாட்டுப் பந்தயம், கடைசிப் பந்தயம் ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்க்கும்படி கேட்பது நடக்கக்கூடியது. நான் அதைத்தான் எழுதி அனுப்பப் போகிறேன்.